நிச்சயமின்மையின் நடுவே வணிகம்: யாழ்ப்பாணக் குடாநாடு, 1970 – 1995

ஒரு பிரதேசத்தின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் உற்பத்தி, விலை, வருமானம், ஏற்றுமதி என்பவற்றையே பெரும்பாலும் கணக்கிற் கொள்வர். இவை யாவற்றுக்கும் அடிநிலையாய் அமைவதும் எண்ணிக்கையில் எளிதில் அடங்காததுமான ஒன்று உண்டு. அதுவே நம்பிக்கை. இன்று இட்ட முதல் உரிய காலத்தில் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் விதைப்பவன் தயங்குவான். கடன் கொடுப்பவன் கையை இறுக்குவான். கடை திறப்பவன் திறப்பைச் சட்டைப்பையில் வைத்தபடியே வாழ்வான். அரசியலும் பொருளாதாரமும் ஒருங்கே தளம்பும் காலங்களில் இந்நம்பிக்கை எவ்வாறு உருமாறுகின்றது என்பதை ஆராய்வதற்கு யாழ்ப்பாணக் குடாநாடு மிகப் பொருத்தமான களமாகும்.

யாழ்ப்பாணத்தவரைப் பற்றி நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து ஒன்றுண்டு. அவர்கள் உத்தியோகத்தை நாடுவர். தொழில் முயற்சியில் முதலிட அஞ்சுவர். ஈட்டிய பணத்தை நகையாகவும் சீதனமாகவும் முடக்குவர் என்பதே அது. வெளியார் மட்டுமன்றி யாழ்ப்பாணத்தவர் தாமும் இதனைப் பலகாலும் கூறி வந்துள்ளனர். இது ஒரு சமூகத்தின் இயல்பான குணமா, அல்லது வரலாற்று அனுபவம் கற்பித்த பாடமா என்பதே கேள்வி. 1970 முதல் 1995 வரையான கால் நூற்றாண்டை மையமாகக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

நம்பிக்கையை நேரடியாக அளத்தல் இயலாது. எனினும் மக்கள் தம் பணத்தை எத்துணைக் காலத்துக்கு, எவ்வடிவில் முடக்கத் துணிகின்றனர் என்பதைக் கொண்டு அதனை ஓரளவு உய்த்துணரலாம். குடாநாட்டின் விவசாயமே இதற்கு நல்ல அளவுகோலைத் தருகின்றது. வெங்காயம் ஏறத்தாழ எழுபது நாட்களிற் கைக்கு வரும். மிளகாய்க்கு ஐந்தாறு மாதம் வேண்டும். முந்திரிகைக்குப் பந்தல் போட்டு, தூண் நாட்டி, ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பனை தலைமுறைப் பயிர். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது ஊர்ப் பழமொழி. எப்பயிரை ஒருவன் தெரிகின்றான் என்பது எதிர்காலத்தை அவன் எவ்வளவு தூரம் நம்புகின்றான் என்பதையும் உணர்த்தி நிற்கும்.

தொலைவில் எடுக்கப்பட்ட முடிவுகள்

ஆறுகள் அற்றதும் சுண்ணாம்புக்கல் அடித்தளத்தைக் கொண்டதுமான குடாநாட்டில் விவசாயம் கிணற்றை நம்பியது. துலா மிதித்தும் சூத்திரம் இழுத்தும் இறைத்த நீரில் விளைந்த பணப்பயிர்களுள் தலையாயது புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னர் பிரித்தானியர் ஆட்சியிலும் இப்புகையிலைக்குப் பெருஞ்சந்தையாக விளங்கியது மலையாளக் கரை. குறிப்பாகத் திருவிதாங்கூர் சமஸ்தானம். கொள்வனவும் தீர்வையும் அச்சமஸ்தானத்தின் கையில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு தீர்வை உயர, தென்னிந்தியப் புகையிலையும் போட்டிக்கு வர, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் சந்தை சுருங்கிற்று. தோட்டக்காரன் தன் தொழிலிற் பிழை எதுவும் செய்திலன். அவன் காணாத ஓரிடத்தில் எடுக்கப்பட்ட முடிவு அவன் தோட்டத்தின் பெறுமதியை மாற்றியது. 1930களில் மலையாளப் புகையிலையை ஒன்றுசேர்த்து விற்பதற்கெனக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியமை இவ்வனுபவத்தின் விளைவே எனலாம்.

இரண்டாவது அனுபவம் மலாயா பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொட்டு ஆங்கிலம் கற்ற இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் பிற அலுவலகங்களிலும் எழுதுவினைஞராகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் கல்வீடுகளாயிற்று, கோயிற் திருப்பணிகளாயிற்று, பாடசாலைகளாயிற்று. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் பண அனுப்பீடு ஒரேயடியாக நின்றது. அதே ஆண்டில் இரங்கூன் வீழ்ந்ததனால் பர்மா அரிசியும் வரவில்லை. கடல் கடந்த உத்தியோகத்தையே உறுதியான வருவாயென நம்பியிருந்த குடும்பங்கள் மூன்றாண்டுகள் அந்நம்பிக்கைக்கு விலை செலுத்தின.

மூன்றாவது அனுபவம் கடல் வணிகம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தன. அவற்றுள் ஒன்றாகிய ‘அன்னபூரணி’ அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் புறப்பட்டு, 1938இல் மாசாச்சூசெற்சு மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை பலரும் அறிந்த செய்தி. இத்தகைய திறன் படைத்த துறைமுகம், சுதந்திரத்தின் பின்னர் குடிவரவு விதிகளும் சுங்க விதிகளும் இறுகியபோது தன் தொழிலை இழந்தது. நேற்றுவரை வணிகமாக இருந்ததன் ஒரு பகுதி இன்று கடத்தலாக மாறியது. படகும் மாலுமியும் கரையும் மாறவில்லை, சட்டமே மாறியது.

இம்மூன்றிலும் பொதுவாகக் காணப்படும் பண்பு யாதெனின், உற்பத்தி உள்ளூரிலும் முடிவு வெளியூரிலும் அமைந்தமையே. இவ்வாறான சூழலில் வாழ்ந்த சமூகம், எளிதில் இடம் மாற்றக்கூடிய வடிவில் செல்வத்தை வைத்திருக்கக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. நகையும் கல்வியும் அத்தகையன.

உள்ளூர் நம்பிக்கையின் கருவிகள்

வெளியுலகு நிச்சயமற்றதாயிருந்த அளவுக்கு ஊருக்குள் நம்பிக்கையை நிலைநிறுத்தும் வழிவகைகள் வளர்ந்தன. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் ஒற்றி முறை விரிவாக இடம்பெறுகின்றது. கடன் கொடுத்தவன் காணியின் விளைவை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பான். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி உரியவனிடம் மீளும். காணியை விற்கும்போது உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னுரிமை உண்டென்ற விதியும் அவ்வழமையில் உண்டு. இதனால் காணி ஊரை விட்டு எளிதில் நழுவவில்லை. அதே காரணத்தால் அது பெருந்தொழிலுக்கு ஈடாக வைக்கத்தக்க தாராளமான மூலதனமாகவும் ஆகவில்லை.

இதனோடு சீட்டு, நகை அடைவு, கைமாற்று என்பனவும் சேர்ந்தன. சந்தை வியாபாரி தோட்டக்காரனுக்கு உரத்துக்கும் விதைக்கும் முற்பணம் கொடுப்பான். விளைச்சல் அவனிடமே வரும். எழுத்து எதுவுமின்றி நடந்த இக்கொடுக்கல் வாங்கலில் ஒருவன் சொல் தவறினால் அச்செய்தி சுன்னாகம் சந்தையிலிருந்து சாவகச்சேரிச் சந்தை வரை பரவும். நீதிமன்றத்தை விட இது விரைவான தண்டனையாக அமைந்தது. கூட்டுறவு இயக்கமும் இம்மண்ணில் ஆழமாக வேரூன்றியது. 1936இல் மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை ஒன்றையே மக்கள் நிறுவினர்.

எனினும் இந்நம்பிக்கைக்கு எல்லைகள் இருந்தன என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. உறவு, ஊர், சாதி என்ற வட்டங்களுக்குள்ளேயே அது பெரிதும் இயங்கியது. காணியற்ற கூலி விவசாயிக்கும் சீவல் தொழிலாளிக்கும் கைமாற்றுக் கொடுப்போர் அரியர். கொடுத்தாலும் அது உழைப்பைக் கட்டிப்போடும் கடனாகவே அமைந்தது. 1970களின் முற்பகுதியில் கள்ளுத் தவறணைக் குத்தகை முறை நீக்கப்பட்டு, சீவல் தொழிலாளரைக் கொண்ட கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோதுதான் அத்தொழிலாளருட் பலர் தம் உழைப்பின் பயனைத் தாமே கணக்கிடும் நிலையை எய்தினர். ‘யாழ்ப்பாணத்தவரின் வணிக நம்பிக்கை’ என்று பொதுப்படப் பேசும்போது, யாருடைய நம்பிக்கை என்ற வினாவும் உடனெழுதல் வேண்டும்.

மிளகாயும் வெங்காயமும்: 1970 – 1977

1970 மே மாதத்தில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவியேற்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நிதி அமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா 50 ரூபா, 100 ரூபா நாணயத்தாள்களைச் செல்லுபடியற்றனவாக்கி, அவற்றை வங்கிகளில் ஒப்படைத்து மாற்றுமாறு பணித்தார். காசாகப் பணத்தைச் சேமித்து வைத்திருந்தோருக்கு இது பேரதிர்ச்சியாயிற்று. தொடர்ந்து 1971இல் வணிக நிறுவனங்களை அரசு சுவீகரிக்க வகைசெய்யும் சட்டமும், 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் வந்தன. 1971 முதல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தது. 1972இன் குடியரசு யாப்பு தமிழரின் கோரிக்கைகளைப் புறக்கணித்தது. 1974 சனவரி 10ஆம் நாள் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்வு உயிரிழப்புகளுடன் முடிந்தது. 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது.

இவ்வரிசையை மட்டும் நோக்குவோர், இக்காலத்தில் குடாநாட்டின் பொருளியல் ஊக்கம் முற்றாகக் குன்றியிருக்கும் என்றே கருதுவர். நடந்தது அதற்கு மாறானது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் தடுத்தும் கட்டுப்படுத்தியும் வைத்தது. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் இக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. நாடு முழுவதற்கும் வேண்டிய உபஉணவுப் பயிர்களில் பெரும்பங்கை விளைவிக்கக்கூடிய நிலையில் இருந்த குடாநாட்டுத் தோட்டக்காரனுக்கு இது எதிர்பாராத வாய்ப்பாயிற்று. கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் முதலான செம்பாட்டு நிலக் கிராமங்களில் துலாக்கள் மறைந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. சுன்னாகம் சந்தையிலிருந்து லொறிகள் மாலையிற் புறப்பட்டு விடியுமுன் கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவை அடைந்தன.

மற்றையோர் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மிளகாய்ச் செய்கையாளன் மாடி வீடு கட்டினான் என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. இது மிகைப்படுத்தலாயினும் அதற்கு ஓர் அடிப்படை உண்டு. படித்த வாலிபருக்கென வகுக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களில் விசுவமடுவும் முத்தையன்கட்டும் மிளகாய்ச் செய்கையால் பெயர் பெற்றன. உத்தியோகத்துக்காகக் காத்திருந்த இளைஞர் மண்வெட்டியை ஏந்தினர். பாரம்பரியமாக உத்தியோகத்தை நாடும் சமூகம் என்ற கூற்று இங்கே தளர்ந்து போகின்றது. வருவாய் உறுதியென்று தோன்றியபோது அதே சமூகம் தோட்டத்தை நாடியது.

மேலும், முதலீட்டின் காலமும் நீண்டது. முந்திரிகைப் பந்தல்கள் இக்காலத்திலேயே குடாநாட்டிற் பெருகின. ஓராண்டுக்கு மேல் காத்திருக்கத் துணிந்தமை நம்பிக்கை ஆழமானதைக் காட்டும். சவர்க்காரம், கோப்பித்தூள், குளிர்பானம் முதலிய சிறுதொழில்களும் உள்ளூர்ப் பெயர்களுடன் வளர்ந்தன. மில்க்வைற் சவர்க்காரமும் அண்ணா கோப்பியும் வீட்டுப் பெயர்களாயின. தமிழகத்து வணிக இதழ்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டதால் ஈழத்துப் பதிப்பு முயற்சிகளும் ஊக்கம் பெற்றன. யாழ்ப்பாணத்தில் 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ போன்ற இதழ்கள் புதிய வாசகரைக் கண்டன. அச்சகமும் தோட்டமும் ஒரே கொள்கையால் பயன் பெற்றன என்பது விந்தையாயினும் உண்மை.

ஆயின் இவ்வளர்ச்சியின் பலவீனங்கள் அன்றே தோன்றியிருந்தன. இயந்திரங்கள் அளவின்றி இறைத்ததால் கரையோரக் கிணறுகள் உவர்த்தன. மிகையான உரம் நிலத்தடி நீரிற் கலந்தது. விளைபொருளைப் பதப்படுத்தும் தொழிலோ சேமிப்புக் களஞ்சியமோ போதிய அளவு எழவில்லை. சந்தையில் நிறையின் மீது கழிவு பிடிக்கும் வழக்கம் தோட்டக்காரனை வாட்டியது. யாவற்றுக்கும் மேலாக, விலையைத் தாங்கி நின்ற தூண் ஓர் அரசாங்க அறிவித்தல். தமிழருடைய அரசியல் வேண்டுதல்களுக்குச் செவிசாயாத அரசாங்கம், தன் செலாவணித் தேவை கருதி எடுத்த முடிவால் தமிழ் விவசாயியை வாழ்வித்தது. தன் நலம் கருதி எடுத்த முடிவைத் தன் நலம் கருதியே மாற்றிவிடவும் கூடும் என்பதை எண்ணிப் பார்த்தோர் அன்று சிலரே.

திறந்த சந்தையும் மூடிய கடைகளும்: 1977 – 1983

1977 யூலையில் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நிதி அமைச்சர் றொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைப் பெருமளவுக்கு நீக்கியது. ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மீண்டும் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. குடாநாட்டில் விலை சரிந்தது. எரிபொருளும் உரமும் விலை ஏறின. இயந்திரம் வாங்கக் கடன்பட்டவன் கடனோடு நின்றான். திருவிதாங்கூர்ப் புகையிலையின் கதை வேறொரு பயிரின் பெயரில் மீண்டும் நிகழ்ந்தது.

திறந்த பொருளாதாரத்தால் தென்னிலங்கையின் மேற்குக் கரையில் ஆடைத் தொழிற்சாலைகளும் சுதந்திர வர்த்தக வலயமும் எழுந்தன. மகாவலித் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. குடாநாட்டுக்கு இவற்றால் நேர்ப் பயன் குறைவு. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையே தொடர்ந்தும் வடபகுதியின் பெருந்தொழிலாக நின்றது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டமை நீண்டகால நோக்குடைய முயற்சி எனினும், அதன் பயன் விளைய வேண்டிய காலத்தை வரலாறு அளிக்கவில்லை.

பொருளாதார அடி ஒருபுறமிருக்க, அரசியல் நிலையும் மோசமடைந்தது. 1977 ஆகஸ்ட் வன்செயலில் தென்னிலங்கையிலிருந்து தமிழர் அகதிகளாக வடக்கு நோக்கி வந்தனர். 1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 1981 மே 31ஆம் நாளிரவு யாழ் நகரின் கடைத்தொகுதிகளும், 1959இல் தொடங்கிய ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகமும் தீக்கிரையாயின. அடுத்த இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தது. நூலகத்தின் அழிவு உலகறிந்தது. அதே நாட்களில் எரிந்த கடைகளின் இழப்பு குறைவாகவே பேசப்பட்டுள்ளது. பூபாலசிங்கம் புத்தகசாலை இவ்விரு இழப்புகளையும் ஒருசேரக் குறித்து நிற்கின்றது. சட்டத்தைக் காக்க வேண்டியோரே தீ வைத்தனர் என்ற உணர்வு, காப்புறுதிப் பத்திரத்தாலும் ஈடுசெய்ய முடியாத ஒன்றை வணிகரிடமிருந்து பறித்தது. சொத்துரிமை என்பது அரசின் வாக்குறுதி. அவ்வாக்குறுதி பொய்த்த இடத்தில் வணிகன் வேறு காவலைத் தேடுவான்.

கொழும்பிற் கரைந்த பாதுகாப்பு

யாழ்ப்பாணத்து மூலதனம் யாழ்ப்பாணத்தில் தங்காது கொழும்பு சென்றது என்ற குற்றச்சாட்டு பழையது. அது உண்மையே. குடாநாட்டில் மக்கள் தொகைக்கு ஏற்ற நிலம் இல்லை. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கிளிநொச்சி அடங்கிய அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். சந்தை சிறிது, துறைமுகமும் வங்கித் தலைமையகமும் இறக்குமதி அனுமதி வழங்கும் அலுவலகமும் கொழும்பில். ஆதலால் புறக்கோட்டையிலும், குருநாகல், காலி, இரத்தினபுரி, பதுளை முதலான நகரங்களிலும் யாழ்ப்பாணத்தவர் கடை வைத்தனர். 1958இலும் 1977இலும் அடிபட்ட பின்னரும் அவர்கள் திரும்பிச் சென்று கடை திறந்தனர். இதனைப் பேராசை என்று கொள்வதிலும் பார்க்க, நாட்டின் பொதுவாழ்வில் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கைக்குச் சான்றென்று கொள்வதே பொருந்தும்.

1983 யூலை அந்நம்பிக்கையை முறித்தது. கொழும்பில் தமிழருடைய கடைகளும் ஆலைகளும் தெரிந்தெடுத்து எரிக்கப்பட்டன. திரைப்படத் தயாரிப்பாளரும் தொழிலதிபருமான கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா படப்பிடிப்புக் கூடமும் அவ்வாறு எரிந்தவற்றுள் ஒன்று. பாதுகாப்பானதெனக் கருதிக் கொழும்பில் முதலிட்ட பணம் சாம்பலாயிற்று; ஆபத்தானதெனக் கருதி முதலிடாது விட்ட ஊர்க் காணி எஞ்சிற்று. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிய வணிகருட் சிலர் எஞ்சியதைக் கொண்டு யாழ் நகரிலும் திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் கடை திறந்தனர். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் எடுத்த முடிவு வேறு. அடுத்த முதலீடு கடையிலன்று, மகனின் விமானச் சீட்டில் இடப்பட்டது. காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் இளைஞரை மேற்கு நாடுகளுக்கு அனுப்பினர். மலாயாக் காசோலை நின்று நாற்பது ஆண்டுகளின் பின் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பணம் வரத் தொடங்கியது.

தடையின் கீழ்: 1987 – 1995

1987 சனவரியில் அரசாங்கம் குடாநாட்டுக்கு எரிபொருட் தடை விதித்தது. அவ்வாண்டு யூலை 29இல் இந்திய – இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானபோது கடைகளில் மீண்டும் ஒளி தோன்றிற்று; ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மூண்டதும் அது அணைந்தது. கோட்டையை அடுத்திருந்த நகரின் வணிகப் பகுதி ஷெல் வீச்சுக்கு அஞ்சி வெறிச்சோட, வணிகம் திருநெல்வேலி, சுன்னாகம், நெல்லியடி என உள்ளூர்ச் சந்திகளை நோக்கி நகர்ந்தது. 1990 யூனில் போர் மீண்டும் வெடித்தது. புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது, சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டு இராணுவ வலயத்துள் அடங்கியது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலிய பல பொருள்கள் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. 1991 முதல் ஆனையிறவுப் பாதையும் இல்லை. கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தே ஆளும் பொருளும் வந்தன. அக்கடலில் உயிர்கள் பலியாயின.

இந்நிலையிலும் சந்தை மறையவில்லை. மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின; சிறிது பெற்றோல் இயந்திரத்தைக் கிளப்ப மட்டும் பயன்பட்டது. துவிச்சக்கர வண்டியின் மின்பிறப்பி வானொலிக்கு உயிர் தந்தது. சாம்போத்தலில் திரியிட்டுப் படித்த மாணவர் பரீட்சை எழுதினர். விறகும் தேங்காயும் வெங்காயமும் துவிச்சக்கர வண்டியிற் பல மைல் பயணித்தன. இறைப்புக்கு எண்ணெய் இன்மையால் தோட்டங்கள் சுருங்கின. விளைந்ததைக் கொழும்புக்கு அனுப்ப வழியின்மையால் மிகுதியான நாளில் விலை தாழ்ந்தது. இறக்குமதிப் பொருளின் விலையோ எட்டாத உயரத்தில் நின்றது.

இப்பொருளாதாரத்தைத் தாங்கிய தூண்கள் இரண்டு. ஒன்று வெளிநாட்டுப் பணம். மற்றையது, போரிலும் நில்லாது வந்த அரச சம்பளமும் ஓய்வூதியமும் நிவாரண உணவும். குண்டு வீசிய அரசே ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் சம்பளம் அனுப்பியது, கச்சேரி இயங்கியது, வங்கிகள் இயங்கின. உத்தியோகத்தை நாடிய மூத்தோரின் முடிவு இக்காலத்தில்தான் தன் நியாயத்தைக் காட்டிற்று. விடுதலைப் புலிகளின் ஆட்சி வரிகளை விதித்தது. வீடுதோறும் பொன் கேட்டது. 1994இல் தமிழீழ வைப்பகத்தையும் நிறுவியது. ஆபத்துக் காலத்துக்கென ஒளித்து வைத்த நகையும் இவ்வாறு கணக்குக்கு உட்பட்டது.

இக்காலத்து வணிக வரலாற்றில் மிகப் பெரிய முறிவு வெளியிலிருந்து வரவில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ் நகரத்து முஸ்லிம்களுக்குச் சில மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. பணமும் பொருளும் பறிக்கப்பட்டன. இரும்புக் கடை, தையல், நகை வணிகம், லொறிப் போக்குவரத்து என நகரின் நாளாந்த வணிகத்தில் தலைமுறைகளாகப் பங்குகொண்ட சமூகம் ஒரே நாளில் அகற்றப்பட்டது. அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த தமிழ் வணிகரின் கணக்குப் புத்தகங்களும் பாதியில் நின்றன. 1983இல் கொழும்பில் தமிழ் வணிகன் இழந்ததை 1990இல் யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் வணிகன் இழந்தான். அயலவன் கடை பறிபோகும்போது வாளாவிருக்க நேர்ந்த சந்தையில், தன் கடை தனக்கே உரியது என்று உறுதியாக எண்ண எவராலும் இயலாது. எழுத்தின்றி வாய்ச்சொல்லில் நிலைத்த பழைய நம்பிக்கை மரபுக்கு இதனினும் பெரிய இழுக்கு நேர்ந்ததில்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். தூக்கிச் செல்லக்கூடியதே அன்று செல்வமாயிற்று. தலைமுறைகளாகச் சிலர் நகையையும் கல்விச் சான்றிதழையும் ஏன் பேணினர் என்பதற்கு அவ்விரவில் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

முடிவுரை

இக்கால் நூற்றாண்டின் வரலாறு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, யாழ்ப்பாணத்தவர் முதலிட அஞ்சுவோர் என்ற கூற்று தளர்வானது. விலையில் உறுதி தோன்றிய ஏழாண்டுகளில் அவர்கள் கிணற்றையும் பந்தலையும் இயந்திரத்தையும் நம்பினர். அரசியலில் மனக்கசப்பு உச்சமடைந்த காலமே முதலீடு மிகுந்த காலமுமாக இருந்தது. வணிகனின் நம்பிக்கை ஆட்சியாளர் மீதுள்ள அன்பில் அன்று, நாளைய விலையைக் கணிக்கக்கூடிய தன்மையிலும் உடைமையின் காவலிலும் தங்கியுள்ளது. 1977 முதலாவதைப் பறித்தது. 1981உம் 1983உம் இரண்டாவதைப் பறித்தன.

இரண்டாவது, செல்வத்தைத் தூக்கிச் செல்லத்தக்க வடிவில் வைத்திருத்தல் தனிமனிதனுக்கு அறிவுடைமை. பிரதேசத்துக்கோ அது இழப்பு. ஒவ்வொரு குடும்பமும் சரியாகக் கணித்து மகனை அனுப்பியதன் கூட்டுத்தொகையே ஊரின் வெறுமை. வெளிநாட்டுப் பணம் குடும்பத்தைக் காத்தது, ஆலையை எழுப்பவில்லை.

மூன்றாவது, ஊருக்குள் நிலவிய நம்பிக்கை வலிமையானதாயினும் குறுகியது. சாதி எல்லையைத் தாண்டத் தயங்கிய நம்பிக்கை, சமய எல்லையைத் தாண்ட வேண்டிய வேளையிலும் தவறியது. விரிந்த தொழில்முயற்சிக்கு முகமறியாதவரையும் நம்பும் சட்ட ஒழுங்கு வேண்டும்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. கண்டி வீதி மீண்டும் திறந்தது. வங்கிகளும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் விரைந்து வந்தன. 2014இல் புகையிரதம் யாழ் நகரை மீண்டும் அடைந்தது. பொருள் வந்த வேகத்தில் உற்பத்தி எழவில்லை, கடனே முந்தியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோதும், 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றபோதும், குடாநாட்டுத் தோட்டக்காரன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றான். அவனுக்கு அந்த வரிசை புதியதன்று. இம்முறை தென்னிலங்கை விவசாயியும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றான் என்பதே வேறுபாடு. தொலைவில் எடுக்கப்படும் முடிவு தோட்டத்தின் பெறுமதியை ஒரே நாளில் மாற்றிவிடும் என்ற அறிவு நாடு முழுவதற்கும் பொதுவாகியுள்ளது. அவ்வறிவிலிருந்து, முடிவெடுக்கும் இடத்தில் விளைவிப்போனுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்ற தெளிவு பிறக்குமாயின், எழுபது நாட் பயிரோடு நின்றுவிடாது மீண்டும் பந்தலுக்குத் தூண் நாட்டும் துணிவு குடாநாட்டில் எழும் எனலாம்.